ஏழரை

காலை ஆறே முக்கால்.
காரைக்குடி புதிய பேருந்து நிலையத்துக்கு வெளியே
படியில் ஒரு கால் வைத்துத்
தலைகளை எண்ணுகிறேன்.
பதினோரு வருடப் பழக்கம்.
எண்ணாமல் சாவியைத் திருப்பினால்
கை கூசும்.

ஈரோட்டு அண்ணன் தம்பி,
பிரான்சிலிருந்து ஒரு கணவன் மனைவி,
நாகர்கோவில் ஜெபமணி
(மடியில் குழந்தைபோல் இருந்த கேமராவை எண்ணவில்லை),
மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற கோதண்டம், அவர் மகள் நிறைமதி.
கடைசி இருக்கை சன்னலோரம்
கோயம்புத்தூர் மில்லில் கணக்குப் பார்க்கும் சிகப்பி.

"எட்டுப் பேர். போகலாமா?"
"எங்க கணக்குல ஏழரை" என்றார் சிகப்பி.
கல்யாணமான சோடி ஒரு புள்ளி.
அதில் ஒருவர் போய்விட்டால்
மிச்சம் அரைப்புள்ளி.
"வரியும் பாதிதான். லாபம்."
பிறகு, "மத்தவங்களை முழுசாவே வச்சுக்குங்க."

வண்டி சிரித்தது.
எனக்கு வரவில்லை.
ஏழரையை ஏற்றிக்கொண்டு எவன் ஓட்டுவான்?
நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தாயிற்று.
இறங்கிப் போய்
ஸ்டெப்னிக்கும் ஒன்று வைத்தேன்.

கானாடுகாத்தானில் அரண்மனை பூட்டிக் கிடந்தது.
இன்றைக்கு யாருக்கும் அனுமதியில்லை
என்றார் காவலாளி, இட்லிப் பொட்டலத்தை மடித்தபடி.
கம்பிக்கதவில் முகம் பதித்து
ஈரோட்டுத் தம்பி சன்னல்களை எண்ணினான்,
நாற்பதில் குழம்பினான்.
ஜெபமணி பூட்டை மட்டும்
பதினேழு படம் எடுத்தான்.
"அரை ஆளை விடுவீங்களா?" என்று கேட்டார் சிகப்பி.
காவலாளிக்குப் புரியவில்லை.
யோசித்தார், பாவம், உண்மையாகவே.

ஆத்தங்குடியில் தரையைப் பார்த்தோம்.
சிவப்பும் பச்சையுமாய்ப் பூத்த பூக்களின் மேல்
நடக்கக் கூசி
விளிம்போடு விளிம்பாகப் போனார் பிரான்ஸ்காரம்மா.
கோதண்டம் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.
"கரண்ட் இல்லாமலே ஜில்லுனு இருக்கு."
அவரை எழுப்பவே
அரைமணி நேரம்.

திருவாடானை தாண்டி டயர் வெடித்தது.
எட்டுப் பேரில் ஏழு பேர்
ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.
அந்த எட்டாமவர்
சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி
நான் கழற்றிய நட்டுகளை
உள்ளங்கையில் வாங்கி வைத்திருந்தார்.
"அஞ்சும் முழுசா இருக்கு" என்றார்.

தொண்டிக் கடலில் அலையில்லை.
பெண் கடல் என்பார்கள் இந்தப் பக்கத்தில்.
கரைக்கு வந்து
சொல்ல வந்ததை மறந்ததுபோல் நின்றுவிடும்.
பிரான்ஸ்காரர் முழங்கால் நனையத்
தூரம் தூரமாய் நடந்தார்,
ஆழமே வரவில்லை.

நாலரைக்கு எண்ணினேன். ஏழு.
மறுபடி எண்ணினேன். ஏழு.
வயிற்றில் ஏதோ புரண்டது.
படகுகளுக்கு இடையே ஓடினேன்,
ஐஸ் உடைக்கும் ஷெட், டீக்கடை,
வலை காயும் மணல்.

ஏலம் நடக்கும் இடத்தில்
வியாபாரிகளுக்கு நடுவே நின்று
கை தூக்கிக்கொண்டிருந்தார்.
ஒரு கூடை நண்டு.
"அரைக்கூடை தரமாட்டாங்களாம்.
எடுத்தா முழுசா எடுக்கணுமாம்."
நான் மூச்சு வாங்கினேன்.
"அவருக்கு நண்டு ஆகாது.
உடம்பெல்லாம் தடிச்சிடும்.
பத்தொம்பது வருஷம்
எங்க அடுப்புல நண்டு ஏறலை."
சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தார்.
சில்லறையைச் சரிபார்த்தார்.
ஐந்து ரூபாய் குறைந்தது, கேட்டு வாங்கினார்.

தேவகோட்டைக்கு முன்னால் இருட்டிவிட்டது.
கூடையின் கட்டு எப்போது அவிழ்ந்ததோ,
நிறைமதிதான் முதலில் கத்தினாள்.
அப்புறம் அண்ணன், தம்பி,
அப்புறம் பிரெஞ்சில் இரண்டு குரல்.
உள்விளக்கைப் போட்டுக்
கண்ணாடியில் பார்க்கிறேன்:
இருக்கைகளுக்கு மேலே
வரிசையாய்த் தூக்கிய பாதங்கள்,
ஆத்தங்குடித் தூசி, தொண்டி மணல்,
ஒன்றில் மெட்டி.
பழக்கம் விடுமா, எண்ணினேன்.
பதினாறு.

கடைசிவரிசையில்
கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார் சிகப்பி.
எது சிரிப்பு எது மற்றது என்று
அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

பத்து மணிக்கு டிரிப் ஷீட் எழுதினேன்.
ஆட்கள்: எட்டு.
காலையில் வண்டி கழுவும்போது
ஸ்டெப்னி எலுமிச்சையை அணைத்தபடி இருந்தது
பிடிபடாத ஒன்று.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
இன்னும் முடிவாகவில்லை.