இரண்டு குழி அச்சு

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே லேத் ஓட்டும் குணசீலன்
துணி விரித்து மூன்று அச்சுகளை வைத்தார்.
அலுமினியம். பித்தளை. வார்ப்பிரும்பு.
"சார் வரலீங்களா?"
துப்பாக்கி என் பேரில் என்றேன்.
லைசென்ஸ் புத்தகத்துப் படத்தையும் என் முகத்தையும்
ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டு
டீ சொன்னார்.

அலுமினியம் கையில் இருப்பதே தெரியவில்லை.
சட்டென்று சூடேறும், சட்டென்று ஆறும்,
அவசரக்காரங்க வாங்குறது என்றார்.
இரும்பு பேரன் காலம்வரை வருமாம்.
ஏற்காட்டில் வராது.
எங்கள் பனிக்கு
கதவுக் கீல், கவாத்துக் கத்தி, பைபிள் பெட்டியின் பூட்டு
எல்லாம் செம்பழுப்பு.
ஐப்பசியில் தையல் ஊசியைக்கூட
எண்ணெய்த் துணியில்தான் குத்தி வைக்கிறேன்.

மிச்சம் பித்தளை.
கனம். அரை மணி பிடித்தால் மணிக்கட்டு பேசும்.
பேசட்டும்.

எத்தனை குழி?
ஆறு குழி அச்சும் இருக்கிறதாம்.
கல்யாணப் பந்திக்கா வார்க்கப் போகிறேன்,
இரண்டு போதும்:
ஒன்று சரியில்லாமல் விழுந்தால்
பக்கத்தில் இன்னொன்று சாட்சிக்கு இருக்கும்.

அடுத்தது மூக்கு.
கூர்மூக்குக் குண்டு அழகு,
வெள்ளிக்கடைக் கண்ணாடிக்குள் வைக்கலாம்.
தட்டை மூக்குதான்
காகிதத்தில் விளிம்பு கிழியாமல்
கறுப்பு வட்டத்துக்குள் வெள்ளை வட்டம் வெட்டும்.
நான் சுடுவது காகிதத்தை.
ஞாயிறு காலை, ரைஃபிள் கிளப்பில்,
இருபத்தைந்து மீட்டர்.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி வந்த அளவை நீட்டினேன்.
முப்பத்திரண்டு என்பது பெட்டியில் அச்சடித்த பெயர்,
குழலின் உள்ளளவு வேறு.
மனிதர்களைப் போல என்று எழுத வந்து நிறுத்துகிறேன்,
குழல் குழல்தான்.
குணசீலன் மைக்ரோமீட்டரைக் கண்ணருகே திருகி
"ரெண்டு தௌ பெரிசா இருக்கட்டும்மா,
கொலுசு மணிக்கும் இதான் கணக்கு,
ஆறும்போது சுருங்கும்" என்றார்.
அதன்பிறகு சார் பேச்சே எடுக்கவில்லை.

மலை பஸ்ஸில் பதினான்காவது வளைவில்
பை சரிந்து பக்கத்து இருக்கை அம்மாளின் காலில் இறங்கியது.
"என்ன தாயி, கல்லா கொண்டுபோற?"
பாக்குவெட்டி என்றேன்.
பொய் முழுதாய்ச் சொல்லவில்லை, வடிவம் அதுதான்:
இரண்டு கைப்பிடி, ஒரு கீல், ஒரு கடி.
"அவ்வளவு பெரிசா!" என்று வெற்றிலைப் பையை
மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

அடிவாரப் பஞ்சர் கடை ஜெயவேலு
லாரிச் சக்கரங்களில் கழற்றிய ஈயத்தை
சிமெண்டுச் சாக்கில் கட்டித் தந்திருந்தார்.
காப்பிக் களத்தின் ஓரம், காற்றுக்கு முதுகு காட்டி, அடுப்பு.
முதல் ஏழும் சுருக்கம் விழுந்தன,
துணி துவைத்த விரல்நுனி மாதிரி.
அச்சு இன்னும் எங்கள் ஊர்க் குளிரிலேயே இருந்தது.
எட்டாவது
மூலை நிறைந்து, மங்கிய வெள்ளியாய்
மரப்பலகையில் டொக்கென்று விழுந்தது.
ஏழையும் கரண்டியில் திரும்பப் போட்டேன்.
கோபமில்லாமல் உருகின.

மறுவாரம் தேர்தல் அறிவித்தார்கள்.
உரிமம் பெற்ற துப்பாக்கி எல்லாம் ஸ்டேஷனுக்கு.
ரைட்டர் செந்தாமரை
குழலில் நூல் கட்டி, சீட்டு ஒட்டி, ரசீது கிழித்தார்.
பீரோவுக்குள் ஏற்கெனவே பதினொன்று,
மழைக்கு ஒதுங்கிய குடைகள்போல்.
அச்சைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
அது துப்பாக்கி இல்லை. குண்டும் இல்லை.
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.

ஓட்டு எண்ண இன்னும் முப்பத்தெட்டு நாள்.
வெந்நீர் வைக்கும் நேரத்தில் பின்வாசலில் நிற்கிறேன்.
சௌசௌ பந்தல் பக்கம்
பனியில் ஒரு இடம் மட்டும் கறுப்பாக இருக்கிறது,
அப்புறம் அதற்குக் கொம்பு முளைக்கிறது,
அப்புறம் நான்கு வெள்ளைக் காலுறை.
காட்டெருமை
வேலியை எங்கே விட்டு வந்தது என்று தெரியவில்லை.
கொடியோடு இழுத்து மெல்லுகிறது.

கையில் எண்ணெய்த் துணியும் அச்சும்.
திறக்கிறேன்.
மூடுகிறேன்.
க்ளிக்.

தலை தூக்கிப் பார்க்கிறது.
நானும் பார்க்கிறேன்.
ஒரு காய் வாயிலிருந்து நழுவி
புல்லில் உருள்கிறது.
குனிந்து
அதையும் எடுத்துக்கொள்கிறது.