மீதி

முக்கூடல் பீடிக் கடையில்
மதியம் மூணு மணிக்கு மேல்
ஆள் வரத்து இருக்காது.
தூள் நெடியும் நானும்
கம்ப்யூட்டரும்.

ஒரு கட்டத்தில் எண்ணைப் போடுவேன்.
பக்கத்துக் கட்டத்தில் சூத்திரம்:
இரண்டில் தொடங்கி வர்க்கமூலம் வரை
ஒவ்வொன்றாக வகு.
எங்காவது மீதி பூச்சியம் வந்தால்
பகு என்று சொல்.
வராவிட்டால்
பகா.
கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர்
மூன்றையும் சேர்த்து ஒரே அமுக்கு.
மழைக்குச் சாக்கைப் போர்த்துகிற மாதிரி
சூத்திரம் தன்னைச் சுற்றி
நெளிவு அடைப்பு போட்டுக்கொள்ளும்.

எதற்கு இது என்று கேட்டால் தெரியாது.
ஆழ்வார்குறிச்சிக்குப் பஸ்ஸேறிப் போய்
மூன்று வருஷம் படித்த கணக்கு.
வேறு எங்கே கொண்டு வைக்க?

சின்ன எண்களில்தான் பிசகும்.
இரண்டைக் கொடுத்தால் பகு என்றது.
மூன்றுக்கும் அதே தீர்ப்பு.
அவற்றின் மூலம் ஒன்றைத் தாண்டாது.
'இரண்டு முதல் ஒன்று வரை' என்றால்
எக்செல் மறுபேச்சில்லாமல்
ஒன்று முதல் இரண்டு வரை என்று
திருப்பி எடுத்துக்கொள்ளும்.
ஒன்றால் வகுபடாதது எது?
நாலைந்து நாள் பிடித்தது
இதைக் கண்டுபிடிக்க.

கொடைக்கு எட்டு நாள் இருக்கையில்
உச்சிமாகாளி மதினி தட்டோடு வந்தாள்.
ஆயிரம் பீடி.
வண்டிமலையான் அண்ணாச்சி விரலோட்டி
மூன்றை எடுத்து நசுக்கினார்.
'தூள் நிக்கல.'
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு.
பாஸ்புக்கில் குறிக்கும் முன்னே
என் கை அதைக் கட்டத்தில் போட்டுவிட்டது.
பகா.
இரண்டு முதல் முப்பத்தொன்று வரை
முப்பது பேர் கேட்டும்
ஒருத்தருக்கும் மடங்கவில்லை.

சிரித்துவிட்டேன்.
'ஏட்டி, என்னத்துக்குச் சிரிக்கே?'
'இதை யாராலயும்
சரிபங்கு போட முடியாதாம் மதினி.'
அவள் திரையைப் பார்க்கவில்லை.
நசுங்கிய மூன்றையும் பார்க்கவில்லை.
'ஒங்க கடை போடுதே.
இருவத்தஞ்சு இருவத்தஞ்சா
முப்பத்தொன்பது கட்டு.
மிச்சம் இருவத்திரண்டு எங்க போவு?
அதயும் அந்தப் பெட்டிகிட்ட கேளு.'

உதிரி டப்பாவுக்குப் போகும்.
உதிரிக்குக் கூலி கிடையாது.
நான் வருவதற்கு முன்பே
கடையில் அப்படித்தான்.

கடை சாத்தும் நேரம்
அதே சூத்திரத்தை உடைத்து
வர்க்கமூலத்தைத் தூக்கிவிட்டு
இருபத்தைந்தை வைத்தேன்.
அறுபத்து நாலு பாஸ்புக்.
போன மாதம் முழுக்க
கீழே இழுத்தேன்.
பதினொன்று, மூன்று, இருபத்து நாலு,
பூச்சியம் (அன்று யாரோ தப்பித்திருக்கிறாள்),
ஒன்பது.
அடியில் கூட்டினேன்:
பதினாலாயிரத்து இருபத்தொன்பது.

அது பகுவா பகாவா என்று
நான் சோதிக்கவில்லை.

நெடுவரிசைக்குத் தலைப்பு கேட்டது.
'மதினி கேட்டது' என்று அடித்தேன்.
அழித்து, 'உதிரி' என்று போட்டேன்.
சேமித்தேன்.
முதலாளி வெள்ளிக்கிழமை திறக்கும்
அதே கோப்பில்.

பழைய சூத்திரத்தையும் திருத்தியாயிற்று.
இரண்டும் மூன்றும் வந்தால்
வகுக்காமலே பகா.
ஒன்று மட்டும்
இரண்டு பக்கமும் சேராமல் நிற்கிறது.
அதன் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு
கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன்.