ஐம்பதாவது ஆள்

ஒரே இடத்தில் ஐம்பது பேரை வீட்டுக்கு அனுப்புவதென்றால்
அறுபது நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும்.
சட்டம் அப்படி. ஓய்வறையில்
காப்பி மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.
பதினோரு வருஷம் அதன் முன்னால் நின்று
சர்க்கரை கலக்கியிருக்கிறேன், படித்ததில்லை.

வெள்ளிக்கிழமை நாற்பத்தொன்பது பேரை அனுப்பினார்கள்.

மதியம் இரண்டேகால்.
அடுப்புக் கதவுகளுக்கு ரப்பர் பட்டை பொருத்தும் வரிசை
பாதிக் கதவில் நின்றது.
ஆர்லன் கையுறையைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டான்.
மர்லீஸுக்கு ஒரு அட்டைப்பெட்டி போதவில்லை:
மாற்றுச் செருப்பு, குட்டி மின்விசிறி,
மகனின் பேஸ்பால் அணிப் படம்.
பெட்டி கொடுத்த பெண் சிகாகோவிலிருந்து வந்தவள்.
எல்லாப் பெயரையும் நன்றாகவே உச்சரித்தாள்,
ஆர்லனின் ஷிமான்ஸ்கியைக்கூட.

என் பெயரைக் கூப்பிடவில்லை.

தொண்ணூறு நாளுக்குள் இன்னொருவர் போனால்
கணக்கு ஐம்பதாகிவிடுமாம்.
சங்கத்து டெல்பர்ட் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.
பெருக்குகிறேன். விளக்கு போடுகிறேன், அணைக்கிறேன்.
வாகன நிறுத்தப் பனியில்
ஒரே ஒரு காரின் தடம், வர ஒன்று, போக ஒன்று.
சம்பளம் சரியாக வருகிறது.

மளிகைக் கடையில் மர்லீஸைப் பார்த்தேன்.
"இன்னும் போகிறாயா?"
"போகிறேன்."
பட்டாணி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.
இடது கன்னம் வீங்கியிருந்தது.
பல்லைப் பிடுங்க மார்ச்சில் நாள் குறித்திருந்தாளாம்,
காப்பீடு பிப்ரவரியோடு போய்விட்டது.

அறுபது நாள் என்ன பெரிய கருணை?
வேலை மிஞ்சியிருக்காது. வாபாஷ் ஆறு
எங்களுக்காக நின்று அழுதிருக்காது.
ஆர்லன் அந்த பிக்கப் வண்டியை
வியாழக்கிழமை வாங்கியிருக்க மாட்டான்,
அவ்வளவுதான்.
மர்லீஸ் மார்ச்சுக்குக் காத்திருக்க மாட்டாள்.
அவ்வளவேதான்.

எனக்கு மட்டும் கிடைத்திருக்கிறது முன்னறிவிப்பு,
தாளில்லாமல், கையெழுத்தில்லாமல்.
யாரும் எழுதித் தராத என் தொண்ணூற்றொன்றாம் நாள்
அந்த நாற்பத்தொன்பது பேருக்கும் தெரியும்.
அன்று மாலை யாராவது ஹாரன் அடித்துக்கொண்டு
வாசலைத் தாண்டிப் போகக்கூடும்.
தப்பாக நினைக்க மாட்டேன்.

இன்றைக்கு எண்பத்து மூன்று.
காப்பி மெஷினுக்கு மேலே அந்தத் தாளின்
ஒரு மூலை பெயர்ந்து தொங்கியது.
டேப் வெட்டி ஒட்டினேன்.
பிறகு, நேரமிருந்ததால்,
பாதியில் நின்ற அந்தக் கதவுக்கு
மீதி ரப்பரையும் பொருத்தினேன்.