முன்னூற்றுப் பன்னிரண்டு மரம்

மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
கடையால் மலைச்சரிவில் ஏறுகிறேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு மரம் என் பங்கு.
நேற்று நாற்பத்தொன்றாவது மரத்தில்
கத்தி பட்டையில் நிற்க
ஒறங்கிப்போனேன்,
நின்ற நிலையில்.
கனவு மட்டும் முழித்திருந்தது.
அதில் நான் வெட்டிக்கொண்டே போனேன்,
நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று,
எல்லாவற்றிலும் பால்.
கண் திறந்தால் செரட்டை காலி.

மொதலாளி சொன்னார்: சீக்கு இல்ல, மடி.
நாத்தனார் சொன்னாள்: ராத்திரியெல்லாம் போன் நோண்டுகா.
சபையில் எனக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள்;
முழங்காலில் நின்றபடியே
ஆமென் வருமுன் குறட்டை விட்டேன்.

ஒறக்கத்தைக்கூடப் பொறுக்கலாம்.
சிரிப்புதான் கொடுமை.
ஷீட் அடிக்கிற மெஷினில் தன் லுங்கி சிக்கிய கதையை
சுகிர்தன் ஒரு நாள் சொல்ல,
சிரித்தேன்.
முழங்கால் மெழுகாய் இளகி
ஆசிட் வாளிக்கு ஒரு சாண் தள்ளிச் சரிந்தேன்.
காது கேட்டது, எல்லாம் கேட்டது,
ஒரு விரல்கூட என் சொல் கேட்கவில்லை.
அன்றிலிருந்து அவன் வீட்டில் பகடி பேசுவதில்லை.
வாய் வரைக்கும் வந்ததை விழுங்கித்
தண்ணீர் குடிக்கிறான்.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
முதுகெலும்பில் ஊசி இறக்கி
கொஞ்சம் நீர் எடுத்து எங்கோ அனுப்பினார்கள்.
ஒரு மாதம் கழித்து டாக்டர் அஜிதகுமாரி சொன்னார்:
மூளையின் அடிவாரத்தில்
சில பத்தாயிரம் அணுக்கள் உண்டு,
அவை சொட்டுகிற ஒன்றுதான்
மனுசரைப் பகல் முழுக்க நிமிர்த்தி வைக்கிறது.
ஒரெக்ஸின் என்று பேர்.
ஒனக்கு அந்த அணுக்கள் ஏறக்குறைய எல்லாம் பட்டுப்போச்சு.

பேருக்கு அர்த்தம் பசியாம், ஏதோ பழைய பாஷையில்.
பசிக்கு ருசி வேண்டாம், நித்திரைக்குப் பாய் வேண்டாம் என்று
இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவைத்தவர்கள்
யார் மண்டையைத் திறந்து பார்த்தார்கள்?

எனக்குப் பட்டமரப்புத் தெரியும்.
நல்ல தடி, நல்ல இலை,
வெட்டினால் வெறும் பழுப்பு.
பால் குறைந்த மரத்துக்கு
வெட்டுக்குக் கீழே லேசாகச் சுரண்டி
பிரஷ்ஷால் மருந்து பூசுவோம்.
அதுவும் ஒரு ஹார்மோன் வேலைதான் என்று
ரப்பர் போர்டு ஆள் சொல்லியிருக்கிறார்.
அடுத்த வெட்டில் செரட்டை வழியும்.
ஆசைப்பட்டு ஓயாமல் பூசினால்
மரம் ஒரு நாள் கையை விரித்துவிடும்.

எனக்குப் பூச உண்டா என்று கேட்டேன்.
இப்போது கையில் இருப்பது
முழிப்பைத் தள்ளிவிடுகிற மாத்திரை,
சொட்டின் இடத்தை அது நிரப்பாது.
சொட்டையே ஊசியில் ஏற்றினால்
மூளையின் வாசலில் தடுத்துவிடும்.
அதைப் போலவே நடிக்கிற மருந்தை
வெளிநாட்டில் சோதிக்கிறார்களாம்.

"கையை விரிச்சிருமா, டாக்டர்?"
"அதத்தான் பாக்குறாங்க.
சிலருக்கு ராத்திரி ஒறக்கம் வரல்ல,
அடிக்கடி மூத்திரம் போவுது."
மலையில முன்னூறு மரம் நிக்கி டாக்டர், என்றேன்.
அவர் சிரித்துவிட்டார்.
எனக்கும் வந்தது.
மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்,
தாடை மட்டும் தொங்கிற்று.

மார்த்தாண்டத்தில் பஸ் மாறி, சீட் கிடைத்து,
கடையாலைத் தாண்டி
ஆறுகாணியில் கண்டக்டர் உலுக்கித்தான் எழுந்தேன்.
திரும்பி வந்தபோது இருட்டியிருந்தது.
சீட்டை விளக்கடியில் பிடித்து
சுகிர்தன் இரண்டு தரம் வாசித்தான்.
பிறகு பாயை விரித்தான்,
என் கழுத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று
தலையணை வைத்தான்.
"படு" என்றான். "இனி விழ எடமில்ல."
ஒரு வருசமாக விழுங்கியதை
முதலிலிருந்து ஆரம்பித்தான்.

கதையில் அவன் இன்னும் லுங்கியே கட்டவில்லை,
மெஷின் பக்கம் போகவே இல்லை.
அதற்குள் என் கண்ணிமை
தொய்யத் தொடங்கியிருந்தது.