நான்காம் நாள், மாலை

தேவகோட்டை, ஜெராக்ஸ் கடை.
சாத்தப்பன் செட்டியார் குடும்பத்துக்கு
மலாகா பயணத் திட்டம் அச்செடுக்கிறேன்.

முதல் நாள் கோட்டை.
மறுநாள் படகு, டால்பின் வந்தால் உண்டு.
மூன்றாம் நாள்
பழைய தோணியில் மணல் கொட்டி
கம்பியில் கோத்துச் சுட்ட மீன்.
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
நம்ம பேச்சாளைதான்.

நான்காம் நாள், மாலை:
கடலோரம் சும்மா இருத்தல்.
கட்டணம் இல்லை.

"அந்த வரிய எடுத்துடும்மா.
அம்புட்டுத் தூரம் போயி சும்மாவா?"
எடுத்தேன்.
பக்கத்துக்கு மூணு ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வரியோடு
தொண்டி பஸ் ஏறினேன்.
பேருக்குக்கூட அலை இல்லை.
நண்டு ஒன்று என் செருப்பை
வேவு பார்த்துவிட்டுப் போனது.
சூரியன் முதுகுப் பக்கம் இறங்கியது,
நான் திரும்பவில்லை.

கடைசி பஸ் ஏழே முக்காலுக்கு.