பத்து நிமிடம்

முதற் புள்ளி, சவுக்கங்காடு.
காலை ஆறு பத்து.
குடத்தனைக்கும் கடலுக்கும் நடுவில்
மணலில் ஊன்றிய தடியில் ஒரு சிவப்புத் துணி.
அதனடியில் நின்று பத்து நிமிடம்
கண்டதையும் கேட்டதையும் எண்ண வேண்டும்.
இதற்குத்தான் எனக்கு நாட்கூலி.

நிரை நிரையாய் மரங்கள், எல்லாம் ஒரே வயது.
எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தெரு,
வீடுகள் இல்லாத தெரு.
காற்று வந்தால் கடலைப் போலவே இரைகிறது.
காற்று நின்றால்
என் மணிக்கூட்டுச் சத்தம்.
நிலத்தில் சவுக்கம் ஊசி சாண் உயரம்.
தடியால் கிளறினேன்.
புழு இல்லை, புல் இல்லை,
பாதி எரிந்த பீடி ஒன்று.

நாலாம் நிமிடம் ஒரு காகம் வந்தது.
வந்தது என்று எழுத முடியாது.
மேலால் போனதைச் சேர்க்கக்கூடாது
என்பது படிவத்தின் விதி.

பூச்சியத்தை வட்டமாய், வடிவாய்ப் போட்டேன்.
நேரம் மிச்சமிருந்தது.

இரண்டாம் புள்ளி, பற்றை.
சவுக்கு நட வந்தவர்கள் அந்தக் காலத்தில்
வண்டி இறங்காத பள்ளம் என்று
விட்டுவிட்டுப் போன துண்டு.
பதினெட்டுப் பரப்பு இருந்தால் அதிகம்.

நிற்கவே இடமில்லை.
காரைமுள் சட்டையைப் பிடித்தது,
சூரைமுள் காலைக் கேட்டது.
வீரையின் மேல் ஏதோ கொடி ஏறி,
கொடியின் மேல் இன்னொரு கொடி ஏறி,
யார் வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று
காணி வழக்கு வைத்தாலும் தீராது.
நாகதாளிப் பழச் சிவப்பு வாயில் காயாமல்
ஒரு கொண்டைக்குருவி.
செண்பகம் தன் வயிற்றுக்குள்ளிருந்து கூப்பிட
வேறொரு செண்பகம் எங்கோ கிணற்றடியிலிருந்து போலப்
பதில் சொன்னது.
புலுனிகள் ஏழா, எட்டா?
எண்ணி முடிக்குமுன் இடம் மாறின,
மணி அடித்த பள்ளிக்கூடம் மாதிரி.
கௌதாரி, குரல் மட்டும்.
பெயர் தெரியாத இரண்டு.
வெள்ளை மணலில் உடும்பின் வால் இழுத்த கோடு,
இரு பக்கமும் விரல்கள்.
பென்சில் முனை உடைந்து
பல்லால் கூர் சீவினேன்.
பத்து நிமிடம் போதவில்லை.

வதனரூபன் சேர் தாளைப் பார்த்தார்.
"மேலிருந்து எடுத்த படத்தில
ரெண்டும் பச்சைதானே பிள்ளை."
அடுத்த மாரிக்கு முதல் பள்ளத்தை நிரவி
அங்கேயும் சவுக்கு வைப்பார்களாம்.
மாவட்டத்தின் காட்டளவு கூடுமாம்.
அவர் கூட்டலில் பிழை இல்லை.
நான்தான் வேறு எதையோ எண்ணிக்கொண்டு வந்திருந்தேன்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த செபமாலையிடம் போனேன்,
என் பக்கம் பேச ஓர் ஆள் தேடி.
அவர் முடிச்சிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"கடல் உள்ள வந்த அண்டைக்கு
நான் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டது
இந்தச் சவுக்கைத்தான்.
குருவியளுக்குச் சொல்லு,
கோவிக்க வேண்டாமெண்டு."

என்னிடம் பதில் இருக்கவில்லை.
சவுக்கை வெட்டு என்று நான் சொல்ல வரவுமில்லை.
தண்ணீர்ப் போத்தலை மூடித் திரும்பினேன்.

"அண்டைக்கு," என்றார் முதுகுக்குப் பின்னால்,
"எனக்கு மேல் கொப்பில ஒரு உடும்பும் இருந்தது.
ஒரு பகல் முழுக்க
அது என்னைப் பாத்தது, நான் அதைப் பாத்தன்.
தண்ணி வத்தினாப் பிறகு இறங்கிப் போச்சுது.
எங்க போனதெண்டு நான் யோசிக்கேல்லை.
அதுக்கொரு இடம் இருந்திருக்கும்தானே."

மறுபடி இரண்டாம் புள்ளிக்குப் போனேன்.
படிவத்தின் அடியில்
'வேறு குறிப்புகள்' என்று ஒரு கட்டம்,
விரல் அகலம்.
செண்பகத்தை அதற்குள் எழுத முடியாது,
உடும்பு வால் வெளியே நிற்கும்.
கனநேரம் யோசித்து
அந்தக் காலத்து ஆட்கள் சொன்னதையே எழுதினேன்,
தடித்த எழுத்தில், கீழே கோடிட்டு:

வண்டி இறங்காது.