ஒன்பதாவது

கீழக்கரையில் இந்த மாதம்
மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கரண்ட் இல்லை.
அந்த நேரத்தில் என் மேசையிலிருக்கும் சில்லுக்குத்
தான் யாரென்றே தெரியாது.
எஃப்.பி.ஜி.ஏ. அப்படித்தான்.
கரண்ட் வந்ததும் நான் எழுதிவைத்ததைப் படித்து
ஆயிரமாயிரம் கதவுகளை உள்ளுக்குள் கோத்துக்கொண்டு
தொண்ணூற்றிரண்டில் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த
வீடியோ கேம் பெட்டியாகிவிடும்.
நடிப்பதில்லை. ஆகிவிடும்.
மறுநாள் இரண்டு மணி வரை.

அசல் பெட்டி பரணில் கிடந்தது.
உப்புக்காற்று தின்ற சில்லின் கால்களில்
பச்சைக் களிம்பு.
மூன்று கால்கள் தொட்டதும் உதிர்ந்தன.
மிச்சக் கால்களில் மயிரிழைக் கம்பி பற்றவைத்து
எந்தத் துடிப்பில் எது எழும் எது விழும் என்று
எட்டு மாதம் குறித்தேன்.
நோட்டில் பாதி அலைக்கோடு,
பாதி மளிகைக் கணக்கு.

படம் வரையும் சில்லுக்கு ஒரு பிடிவாதம்.
திரையின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால்
அறுபத்து நான்கு உருவங்களையும் ஒரு பார்வை பார்க்கும்,
இந்த வரியில் யார் யார் என்று.
எட்டுப் பேரை ஏற்றிக்கொள்ளும்.
ஏர்வாடிக்குப் போகும் ஷேர் ஆட்டோ இல்லை அது;
ஒன்பதாவது ஆளுக்கு மடியில்கூட இடம் கிடையாது.
வரையப்படமாட்டான், அவ்வளவுதான்.
ஆனால் கணக்குப் பார்க்கும் சில்லு வேறு.
அதன் ஏட்டில் ஒன்பதாவதும் இருக்கிறான்,
நகர்கிறான்,
இடிக்கிறான்.

வெரிலாக்கில் இது ஒரே ஒரு எண்.
எட்டைப் பதினாறாக்கினால்
எதுவும் மினுக்காது, படம் சுத்தமாக வரும்.
ஆக்கியும் விட்டேன்.
சரிபார்க்க அந்தப் பழைய கேமைப் போட்டேன்:
மஞ்சள் கப்பல் மீராசா காக்காவுக்கு, நீலம் எனக்கு.
நாலாம் கட்டத்தில் பெரிய நண்டு.
இரண்டு ஆள் ஆட்டத்தை ஒருத்தியாக,
வலக்கை அண்ணன், இடக்கை தங்கச்சி.

பதினாறில் நண்டு சுட்டது,
குண்டு தெரிந்தது, விலகினேன்.
எட்டாக்கினேன்.
ஒன்றுமே வராமல் மஞ்சள் கப்பல் வெடித்தது.
பதினாறு. குண்டு.
எட்டு.
ஃபேனை நிறுத்திவிட்டு எண்ணினேன்.
நண்டின் கொடுக்கு நாலு உருவம், காக்கா கப்பல் இரண்டு,
குண்டோடு ஏழு. தெரியும்.
என் கப்பல் அதே வரிக்கு வந்தால் இன்னும் இரண்டு.
வரிசையில் கடைசி ஆள் குண்டு.

"இவ பக்கத்துல வந்தா எனக்குக் குண்டு தெரியலை வாப்பா."
தொண்ணூற்று மூன்று, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள்.
கண்ட்ரோலரைச் சுவரில் எறிந்திருந்தான்.
தோத்துட்டுப் பொய் சொல்றான் என்றேன் நான்.
வாப்பாவின் கை அவன் இடது காதில் விழுந்தது.
அதன்பிறகு அவன் என்னோடு ஆடவில்லை.
தனியாக ஆடிப் பார்த்தேன், எத்தனையோ நாள்;
எல்லாக் குண்டும் தெரிந்தன.
அதையே சாட்சியாக வைத்துக்கொண்டு
வளர்ந்தேன், படித்தேன், சில்லு வடிவமைத்துச் சம்பளம் வாங்கினேன்.

நேற்று தம்மாமுக்கு அலைக்கோட்டுப் படத்தை அனுப்பினேன்,
ஒன்பதாவது உருவம் கழற்றிவிடப்படும் இடத்தில்
சிவப்பு வட்டம் போட்டு.
கீழே, நீ சொன்னது நிஜம் என்று.
ஏசி மெக்கானிக். இஷா தொழுதபிறகுதான் போன் எடுப்பான்.
பதினொரு நொடிக் குரல் வந்தது.
முதல் ஆறு நொடியும் ஏதோ கம்ப்ரசர் இரைச்சல்.
பிறகு:
"அது கெடக்கட்டும்.
நண்டு வந்தா மட்டும்
நீ ஏன் என் வரிக்கே வந்தே?"

அதற்கு என்னிடம் அலைக்கோடு இல்லை.
எதையோ டைப் செய்து அழித்தேன்.
எட்டை எட்டாகவே சேமித்தேன்.